யானைக்கால் நோயும் நம் நாணமும்

(காஞ்சிபுரத்தில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்" என்பது தொண்டை நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வெளியூரார் இதனைக் கேட்டு, இவ்வூரில் வேலையொன்றும் செய்யாது திண்ணையில் அமர்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாலே சோறு கிடைக்கும் போலும் என்று எண்ணி நகைப்பதுண்டு. குழித்தறியில் இறங்கி, விடியற்காலை தொடங்கி விளக்கேற்றும் வரையில் மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கும் நமக்கன்றோ அக் காலாட்டத்தின் பொருள் தெரியும்! பட்டு கையால் நெய்யப்படுவது என்று உலகம் சொல்லிக்கொள்கிறது. நெய்தவனைக் கேட்டால், கைக்குச் சரிபாதி கால் என்பான். ஆதலின் இன்று நாம் காலைப் பற்றிப் பேசுவது நம் தொழிலைப் பற்றிப் பேசுவதே ஆகும்.

சமூக சுகாதாரம் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். பரந்த பொருள் அது. குடிநீரைப் பேசலாம், புகையிலையைப் பேசலாம், சாயக் கழிவால் வேகவதி ஆறு பட்ட பாட்டைப் பேசலாம். அவையெல்லாம் பிறரும் பேசக்கூடியவை, பேசியும் வருகின்றனர். இம்மண்டபத்தில் இதுகாறும் எவரும் வாய்திறவாத பொருள் ஒன்று உண்டு. அதனையே எடுத்துக்கொண்டோம். யானைக்கால் நோயைச் சொல்கிறோம். நம்முள் எத்தனை வீடுகளில் இந்நோய் உண்டு, அல்லது உண்டாயிருந்தது என்று கேட்டுக் கையுயர்த்தச் சொல்லப் போவதில்லை, அஞ்ச வேண்டா. ஒருவரும் உயர்த்தமாட்டோம் என்பதை அறிவோம். அதுவே நம் பேச்சின் பொருளுமாம்.

முதலில் எம் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறோம். பிறர் வீட்டைப் பேசும் உரிமை அதன்பின்னரே எமக்கு உண்டாகும்.

எம் தந்தையாரின் தமக்கையார் ஒருவர் எம்முடன் வாழ்ந்தார். இருபது வயதுக்குமேல் அவருக்கு இடக்கால் வீங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை தொடையிடுக்கில் நெறி கட்டும். குளிரும் காய்ச்சலும் வந்து நான்கு நாள் படுக்கையில் கிடப்பார். எழும்போது கால் முன்னையினும் சிறிது பருத்திருக்கும். பின்கட்டு அறையில் அமர்ந்து இராட்டையில் பட்டு இழைப்பதே அவர் வாழ்நாள் வேலையாயிற்று. எம் மூத்த சகோதரியைப் பெண்பார்க்க வந்த நாளில், அவரை அவ்வறையில் இருத்திக் கதவைச் சாத்தினர். யாம் அப்பொழுது பத்து வயதுச் சிறுவர். வாயிற்படியில் அமர்ந்திருந்து, எவரேனும் கேட்டால் உள்ளே பட்டு மூட்டைகள் மட்டுமே உள்ளன என்று சொல்லும் வேலை எமக்கு இடப்பட்டது. அவ்வேலையைச் செவ்வனே செய்தோம். கெட்டிக்காரப் பிள்ளை என்னும் பாராட்டும் பெற்றோம். கலியாணம் நடந்தது. முகூர்த்தப் புடவையின் ஊடைப் பட்டு முழுதும் அத்தையார் கையால் இழைத்தது. அப்புடவையை மணப்பெண் உடுத்து நின்ற கோலத்தை அவர் காணவில்லை.

இக்கொடுமையை எம் பெற்றோர் ஏன் செய்தனர்? அவர்கள் கன்னெஞ்சர் அல்லர். ஒரு வீட்டில் ஒருவர்க்குக் கால் வீங்கியிருந்தால், அவ்வீட்டுப் பெண்ணுக்கும் அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் அது வரும்; அது குடும்ப இரத்தத்தில் ஓடும் நோய் என்று ஊரார் நம்பினர். அந்நம்பிக்கை இன்றும் சாகவில்லை. நம் இதழின் பின்பக்கங்களில் வரன் விளம்பரம் கொடுப்போர் பலர், நட்சத்திரமும் கோத்திரமும் விசாரித்து முடித்தபின், தெருக்கோடியில் உள்ளோரிடம் தணிந்த குரலில், "அந்த வீட்டில் கால் எப்படி?" என்று விசாரிப்பதை யாம் அறிவோம். யாமும் விசாரித்திருக்கிறோம்.

இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. கோவாவில் 1583 முதல் 1588 வரை தங்கியிருந்த லின்ஸ்கோட்டன் என்னும் டச்சுக்காரர், தாம் எழுதி 1596இல் வெளியிட்ட பயண நூலில் ஒரு கதையைக் குறித்துள்ளார். மயிலாப்பூரில் புனித தோமாவைக் கொன்றோரின் வழித்தோன்றல்களே ஒருகால் யானைக்கால்போல் பருத்துப் பிறக்கின்றனர் என்பது அக்கதை. சாபம் வழிவழியாக இறங்குமாம்! ஐரோப்பிய வைத்தியர்களும் நெடுநாள் இந்நோய்க்குத் தோமையார் கால் என்னும் பெயரை வழங்கிவந்தனர். நம் நாட்டு ஆயுர்வேத நூலாகிய சுசுருத சம்கிதை சிலீபதம் என்று இந்நோயின் இலக்கணத்தைக் கூறியிருப்பவும், சாபக் கதையே ஜனங்களுக்கு இனித்தது. சாபம் என்றால் சாக்கடையைத் தூர்வார வேண்டியதில்லை அன்றோ!

உண்மை யாதெனில், இது புழுவால் வரும் நோய். 1872இல் கல்கத்தாவில் லூயிஸ் என்னும் வைத்தியர் நோயாளியின் இரத்தத்தில் நுண்புழுக்களைக் கண்டார். 1876இல் ஆஸ்திரேலியாவில் பாங்கிராப்ட் என்பவர் நூலிழை போன்ற தாய்ப்புழுவைக் கண்டார். 1877இல் சீன நாட்டு அமோய் நகரில் மான்சன் என்னும் வைத்தியர், உடலில் இப்புழு உள்ள தம் தோட்டக்காரனைக் கொசுக்கள் நிறைந்த அறையில் உறங்கச் செய்து, அவன் இரத்தத்தைக் குடித்த கொசுக்களை அறுத்துப் பார்த்தார். புழு அக்கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டார். கொசு ஒன்று நோயின் வாகனமாகும் என்று மனிதர் முதன்முதல் கண்டது அங்கேதான். ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் மலேரியாவின் கொசுவைக் கண்டது அதற்கு இருபது ஆண்டு பின்னர், 1897இல். ஆயினும் மான்சனும் ஓரிடத்தில் தவறினார். கொசு நீரில் விழுந்து மடிய, அந்நீரைக் குடிப்பதால் நோய் பரவுகிறது என்று கருதினார். கடிக்கும்போதே புழு இறங்குகிறது என்பது 1900ஆம் ஆண்டிலேதான் தெளிவாயிற்று. அறிஞரும் தடுமாறியே உண்மையை அடைந்தனர் என்றால், நம் பாட்டனார் சாபம் என்று எண்ணியதற்காக அவரை ஏசவேண்டா. நாம் இன்றும் அங்ஙனம் எண்ணுவதற்கே மன்னிப்பு இல்லை.

இனி, குடும்பங்களில் இந்நோய் தொடர்ந்து காணப்படுவது ஏன் என்று வினவுவீர்கள். வினா நியாயமானது. இந்நோயைச் சுமக்கும் கியூலெக்ஸ் என்னும் கொசு தூய நீரை அவ்வளவாக நாடுவதில்லை; தேங்கிய சாக்கடை, மலக்குழி, பாழ்ங்கிணறு ஆகிய அழுக்கு நீரிலேயே பெருகும். இரவிலே கடிக்கும். பகலில் வீட்டினுள் இருளும் ஈரமும் உள்ள மூலைகளில் ஒதுங்கியிருக்கும். நம் தெருக்களை நினைத்துப் பாருங்கள். முன்னே திறந்த சாக்கடை, நடுவே தறிக்கூடம், தறியின் அடியில் இருண்ட குழி, இரவில் அத்தறியின் அருகே பாயை விரித்துப் பாட்டனும் மகனும் பேரனும் வரிசையாக உறங்குவர். ஒரே சாக்கடைக் கொசு மூன்று தலைமுறையையும் கடித்தது. ஒருமுறை கடித்தால் வருவதன்று. பல நூறு முறை, ஆண்டுக்கணக்கில் கடிபட்டாலே பெரும்பாலும் புழு உடலில் நிலைகொள்ளும். குழந்தைப் பருவத்திலேயே தொற்றி, பல்லாண்டு மறைந்திருந்து, வாலிபத்தில் வெளிப்படும். அதைக் கண்டு நாம் இரத்தத்தின் குற்றம் என்றோம். இரத்தத்தில் ஓடியது வீட்டின் வடிகால்.

கும்பகோணத்தைப் போன்றே காஞ்சியும் இந்நோயின் பெயரை நெடுங்காலம் சுமந்த ஊர். அதற்குக் காரணம் இவ்வூரார் செய்த பாவமன்று. நெருங்கிய வீடுகளும், மஞ்சள்நீர்க் கால்வாய் போன்ற வடிகால்களில் ஓடாது நின்ற கழிவும் காரணங்களாம். 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கென்றே தனிப் பகுதி வைத்திருந்தனர். 1955இல் தேசிய யானைக்கால் ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. நுண்புழு இரவிலேயே மேலோட்டமான இரத்தத்திற்கு வருவதால், சுகாதார ஊழியர் இரவு எட்டு மணிக்குமேல் விளக்கும் கண்ணாடித் துண்டுகளும் ஏந்தித் தெருத்தெருவாக வந்து விரல்நுனியில் இரத்தம் எடுத்ததை நம்மில் மூத்தோர் மறந்திரார். அவர்களைக் கண்டதும் கதவைச் சாத்தி விளக்கை அணைத்த வீடுகளும் நினைவிலிருக்கும். கொசு கடிக்கும் அதே நேரத்தில் புழு மேலே வருகிறது என்னும் இயற்கையின் சூழ்ச்சியைப் பின்னர்ப் படித்தபோது, நள்ளிரவில் வந்த அவ்வூழியரை நாம் ஏளனம் செய்ததை எண்ணி வெட்கினோம்.

மாத்திரை வந்த கதையைச் சொல்லவேண்டும். டைஎதில் கார்பமசின் என்னும் மருந்து 1947இல் பயனுக்கு வந்தது. இதனை ஆண்டுக்கொருமுறை ஊரார் அனைவருமே விழுங்கினால், நுண்புழு இரத்தத்தில் குறைந்து, கொசுவுக்குக் கிட்டாமற்போகும். தாய்ப்புழு ஐந்தாறு ஆண்டு உயிர்வாழ்வதால், அவ்வளவு ஆண்டும் விடாது கொடுக்கவேண்டும். நம் மாநிலத்தில் 1990களில் சோதனையாகத் தொடங்கிய இம்முறை, 2004 முதல் நாட்டின் நோயுள்ள மாவட்டங்களிலெல்லாம் பரவியது. ஊழியர் வீட்டுவாயிலில் நின்று மாத்திரை தந்தனர். நாம் செய்தது என்ன? "சாப்பிட்டபின் விழுங்கிக்கொள்கிறோம்" என்று பணிவுடன் வாங்கி மாடத்தில் வைத்தோம். எம் வீட்டு மாடத்தில் இரண்டாண்டு மாத்திரைகள் ஒன்றன்மேலொன்றாக இருந்தன, உண்மையை மறைப்பானேன்? நோயில்லாத நமக்கு மருந்து எதற்கு என்னும் எண்ணம் ஒன்று. விழுங்கிய சிலர்க்குக் காய்ச்சலும் தலைவலியும் வந்ததைக் கேட்ட அச்சம் மற்றொன்று. அக்காய்ச்சல் பெரும்பாலும் மருந்தின் தீங்கன்று, உள்ளே புழு மடிவதன் அடையாளம் என்பதை எடுத்துச்சொல்ல நம் சங்கத்தார் ஒருவரேனும் ஊழியருடன் நடந்திருக்கலாம். நடக்கவில்லை. ஊரில் நூற்றுக்கு அறுபத்தைந்து பேரேனும் உண்மையாக விழுங்கினாலன்றிப் பயனில்லை என்பது அறிஞர் கணக்கு. நம்மைப் போன்றோர் மாடத்தில் வைத்தும், மற்றையோர் விழுங்கியதால் ஊர் பிழைத்தது.

ஆம், பெரிதும் பிழைத்தது. இரத்தத்தில் நுண்புழு காண்பது இன்று நம் மாநிலத்தில் அரிதாகிவிட்டது. மருந்தோடு கழிவுநீரையும் கவனித்தால் பயன் நிலைக்கும் என்பதைத் திருக்கோவிலூர்ப் பகுதியில் ஆராய்ந்து காட்டினர். மலக்குழிகளின் நீர்மேல் பாலிஸ்டைரின் மணிகளை மிதக்கவிட்டு, கொசு முட்டையிட இடமின்றிச் செய்தனர். கடல் கடந்த நம் உறவினர் வாழும் இலங்கை 2016இல் இந்நோயை ஒழித்த நாடு என உலக சுகாதார நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. நம் இந்தியா 2027ஐக் குறியாகக் கொண்டுள்ளது. இனிப் பிறக்கும் நம் பேரப்பிள்ளைகளுக்குக் கால் வீங்காது என்று நம்பலாம்.

அப்படியானால் இப்பேச்சு எதற்கு எனின், மருந்தால் மீளாதவர் நம் பின்கட்டுகளில் இன்னும் இருக்கின்றனர். புழு செத்தாலும், அது கெடுத்த நிணநீர்க் குழாய்கள் பழைய நிலைக்கு வருவதில்லை. முன்னரே வீங்கிய கால் மாத்திரையால் வற்றாது. அரசாங்கக் கணக்கில் நோய் ஒழிந்தது என்று எழுதப்படும் நாளிலும், இவர்கள் கால் இவர்களுடனேயே இருக்கும்.

தாய்மார்களே! நீங்கள் சிறப்பாகக் கேட்கவேண்டிய பகுதி இதுவே. வீங்கிய கால் மேலும் மேலும் பருப்பதற்குப் புழு மட்டும் காரணமன்று. விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண், குதிகால் வெடிப்பு, சிறு கீறல் ஆகியவற்றின் வழியே வேறு கிருமிகள் புகுகின்றன. அவை புகும்போதெல்லாம் நெறி கட்டிக் காய்ச்சல் வருகிறது. ஒவ்வொரு காய்ச்சலும் காலை ஒரு படி பருக்கச் செய்கிறது. பிரேசில் நாட்டு ரெசிபி நகரில் ஜெருசா டிரேயர் என்னும் பெண் வைத்தியர் இதனை விளங்கக் காட்டினார். அவர் கண்ட பரிகாரம் என்ன? விலையுயர்ந்த மருந்தோ என்று எண்ணாதீர். நாள்தோறும் சோப்பும் நீருமிட்டுக் காலைக் கழுவுவது, விரலிடுக்குகளை மெல்லிய துணியால் ஈரம்போகத் துடைப்பது, புண்ணிருந்தால் களிம்பு இடுவது, அமரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைப்பது, கணுக்காலை அசைப்பது, செருப்பணிவது. இவ்வளவே! இதனால் காய்ச்சல் வருவது பெரிதும் குறைகிறது. தொடக்கநிலை வீக்கம் வற்றுவதும் உண்டு. அவ்வம்மையார் நோயாளிகளைத் தனித்தனியே வீட்டில் வைத்திராது, ஓரிடத்தில் கூட்டி, ஒருவர் காலை ஒருவர் பார்த்துக் கழுவப் பழகும் நம்பிக்கைச் சங்கங்களை ஏற்படுத்தினார். அவர்களும் சங்கம் வைத்தனர். நாமும் சங்கம் வைத்திருக்கிறோம்.

நம் அண்டை நாடாகிய கேரளத்துக் காசர்கோட்டில் ஒரு வைத்திய நிலையத்தார், இக்கழுவும் முறையோடு ஆயுர்வேதத்தையும் யோகப் பயிற்சியையும் துணிக்கட்டையும் சேர்த்து, பெரிதும் பருத்த கால்களையும் குறைத்துவருகின்றனர்.

தறியில் அமர்வோர்க்குத் தனியே ஒரு சொல். வீங்கிய காலை நாள் முழுதும் குழியில் தொங்கவிடுவதால் நீர் கீழிறங்கித் தேங்கும். ஆதலின் தறியை விடவேண்டுமென்று சொல்லமாட்டோம். விட்டால் அடுப்பு எரியாது. மிதிப்பதில் கணுக்கால் அசைவது நன்மையே. ஆயினும் பாவு தீரும்வரை எழமாட்டேன் என்னும் வைராக்கியம் வேண்டா. மணிக்கொருமுறை எழுந்து, பலகைமேல் சிறிதுநேரம் காலை நீட்டுக. குழியில் ஈரம் கசிந்தால் பூசி அடைத்து உலர்த்துக. வெறுங்காலை ஈரமண்ணில் வைத்து மிதிக்கும் வழக்கத்தால் சேற்றுப்புண் ஆறவேமாட்டாது.

ஆடவர்க்கும் ஒன்று சொல்லவேண்டியுள்ளது. பெண்கள் இருக்கும் அவை என்று தயங்கிப் பயனில்லை. இப்புழுவால் ஆடவர்க்கு விரைவீக்கமும் உண்டாகும். காலைக் காட்டிலும் இதனை மறைப்பது எளிது, வேட்டி மறைத்துவிடும். பதினைந்து ஆண்டு மறைத்து நடந்தவரை யாம் அறிவோம். கால் வீக்கத்தைப் போலன்றி இது சிறு சத்திரசிகிச்சையால் தீரக்கூடியது. அரசாங்க மருத்துவமனைகளிலேயே செய்கின்றனர். தீரக்கூடிய நோயைத் தீராத நோயினும் அதிகமாக மறைப்பதை என்னவென்பது!

சுகாதாரத் துறையார் நோயாளிகளுக்குத் தொட்டி, சோப்பு, துண்டு, களிம்பு அடங்கிய பெட்டியைத் தருகின்றனர். மிகுதியாகப் பாதிக்கப்பட்டோர்க்கு நம் மாநில அரசு மாதந்தோறும் உதவித்தொகையும் அளிக்கிறது. இவற்றை வாங்க நம்மவர் பலர் போவதில்லை. போனால் பெயர் எழுதுவார்கள். பெயர் எழுதினால் தெரு அறியும். தெரு அறிந்தால் பேத்தியின் சம்பந்தம் நின்றுவிடும். இந்தக் கணக்கைப் பாட்டிமார் மனத்தில் போட்டுவைத்துக்கொண்டு, காய்ச்சலைப் பல்லைக் கடித்துப் பொறுக்கின்றனர். சர்க்கார் தரும் சோப்புக்கட்டி நம் சம்பந்தப் பேச்சுக்கு அஞ்சி ஆஸ்பத்திரி அலமாரியில் கிடக்கிறது. அரசாங்கம் கொசுவை ஒழிக்கலாம், மருந்து தரலாம். இக்கணக்கை அழிப்பது அரசாங்கத்தால் ஆகாது. அதைப் போட்டவர்கள் நாம். நம் குலத்தாருக்குள்ளேயே சம்பந்தம் பேசுபவர்களும் நாமே. அழிப்பதும் நம்மாலேயே ஆகும்.

ஆதலின் சங்கத்தாரிடம் மூன்று விண்ணப்பங்களைச் செய்துகொள்கிறோம். இந்நோய் பரம்பரையாக வருவதன்று, தொட்டால் ஒட்டுவதன்று, உடன் உண்பதால் வருவதன்று என்னும் செய்தியை நம் இதழின் வரன் பக்கத்திலேயே, விளம்பரங்களுக்கு மேலே, மாதந்தோறும் அச்சிடவேண்டும். வேறு பக்கத்தில் போட்டால் படிக்கவேண்டியவர் படியார். அடுத்தது, பிள்ளையார்பாளையம் முதலாக நம்மவர் மிகுந்துள்ள தெருக்களில் தேங்கிய சாக்கடைகளைக் கணக்கெடுத்து, மாநகராட்சியாரிடம் எழுத்தில் கொடுத்து, பதில் வரும்வரை விடாது கேட்கவேண்டும். இதற்கு இளைஞர் நால்வர் போதும். கோபம் வராத நால்வராக இருத்தல் நன்று. மூன்றாவது, கலியாணங்களில் இந்நோயாளிகளை முன்வரிசையில் அமர்த்தும் வழக்கத்தைச் சங்க நிர்வாகிகள் தங்கள் வீட்டிலிருந்தே தொடங்கவேண்டும். எம் பேத்தியின் விவாகம் வரும் தை மாதத்தில் நடைபெறவுள்ளது. எம் அத்தையாரின் கதையைச் சம்பந்தி வீட்டாரிடம் நாமே சென்று சொன்னோம். அவர்கள் சிறிதுநேரம் பேசாதிருந்தனர். பின்னர் அவ்வீட்டு மூதாட்டியார் எழுந்து உள்ளே சென்று, தம் தங்கையின் கையைப் பிடித்து அழைத்துவந்து எம்முன் அமர்த்தினார். அவ்வம்மையார்க்கு வலக்கால்.

வரும் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இம்மண்டபத்தின் கிணற்றடியில் கால் கழுவும் முறையைக் காட்டுவதற்குச் செவிலியர் ஒருவரை அழைத்துள்ளோம். நோயுள்ளோர் வருக, அவரைப் பேணுவோரும் வருக. அகன்ற தொட்டிகள் பத்து வேண்டும். பாவுக்குக் கஞ்சி வைக்கும் தொட்டி இருந்தாலும் நன்கு தேய்த்துக் கொணரலாம். உயரமான பலகைகளும் சில தேவை. மண்டபத்தின் பின்வாசலும் அன்று திறந்திருக்கும். அவ்வழி வர விரும்புவோர் அவ்வழியே வரலாம்.